நெவா நதியிலிருந்து நயினாதீவு வரை: எண்ணெய் இல்லாத படகின் கதை

2022 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய வாரங்களில் அந்த 87 ரூபா மண்ணெண்ணெயே பல இடங்களில் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. நகரங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பெற்றோல் வரிசையும் சமையல் எரிவாயு வரிசையுமே அந்நாட்களின் பெருந்துயரங்களாகத் தெரிந்தன. மண்ணெண்ணெய் என்பது விளக்கேற்றும் ஏழையின் எண்ணெய் என்ற அளவிலேயே பலர் அதனைக் கருதினர். ஆனால் பருத்தித்துறையிலிருந்து மன்னார் வரையிலான கரையோரக் கிராமங்களில் அது விளக்குக்கான எண்ணெய் அன்று, தொழிலுக்கான எண்ணெய். 18 அடி கண்ணாடியிழைப் படகின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும் வெளியிணைப்பு இயந்திரம் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. எண்ணெய் இல்லையென்றால் படகு கரையில் கிடக்கும். படகு கரையில் கிடந்தால் அந்த வீட்டின் அடுப்பும் எரியாது.

அக்காலத்தில் புலம்பெயர் நாடுகளில் வாழும் நண்பர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் எனக்கு எழுதினார்கள். "ஆண்டு முழுவதும் வெயில் எறிக்கும் மண்ணில் வாழ்ந்துகொண்டு எதற்காக எண்ணெய்க்குக் கையேந்த வேண்டும்? சூரிய ஒளியில் படகை ஓட்டினால் என்ன?" என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இதற்கு ஏறத்தாழ 190 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறியாமல் விடை சொல்லப் புகுந்தால், மீனவர்களுக்கு வீண் நம்பிக்கையை ஊட்டியவர்களாவோம். அல்லது கைக்கெட்டிய வாய்ப்பைத் தட்டிவிட்டவர்களாவோம்.

நெவா நதியில் ஒரு சோதனை

மின்சாரத்தால் ஓடிய முதற்படகுகளில் புகழ்பெற்றது 1838 இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், நெவா நதியில் ஓடியது. அதனை அமைத்தவர் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றிய மொரிற்ஸ் ஜக்கோபி. சார் மன்னர் முதலாம் நிக்கொலஸின் அரசு அவருக்குப் பண உதவி செய்தது. படகு 28 அடி நீளமானது. அதில் பன்னிரண்டு பேரளவில் அமர்ந்து செல்ல முடிந்தது. மின்மோட்டார் பக்கச் சக்கரங்களைச் சுழற்ற, ஆற்றில் படகு நகர்ந்தது. அதன் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. அடுத்த ஆண்டில் ஜக்கோபி தமது மின்கலங்களை மாற்றினார். நாகமும் பிளாற்றினமும் நைத்திரிக் அமிலமும் கொண்ட குரோவ் மின்கலங்களைப் பயன்படுத்திப் படகின் வேகத்தைக் கூட்டினார். அதன் விபரங்களை அவர் 1839 இல் இங்கிலாந்தின் மைக்கல் பரடேக்குக் கடிதமாக எழுதியமையும் வரலாற்றில் பதிவாகியுள்ளது.

மன்னரின் ஆதரவு இருந்தது, அறிவியலாளரின் ஆற்றல் இருந்தது, படகும் ஓடியது. அப்படியிருந்தும் அந்த முயற்சி தொடரவில்லை. காரணம் மோட்டார் அன்று. அந்த மின்கலங்கள் மீண்டும் மின்னேற்றக் கூடியவை அல்ல. நாகத் தகடு கரைந்து கரைந்துதான் மின்சாரம் பிறந்தது. ஆகவே ஜக்கோபியின் படகு உண்மையில் நாகத்தை எரித்து ஓடிய படகு. நிலக்கரியின் விலையோடு ஒப்பிட்டால் நாகம் பல மடங்கு விலையுயர்ந்தது. போதாக்குறைக்கு, குரோவ் மின்கலத்திலிருந்து எழும் நச்சுப் புகை படகில் இருப்பவர்களின் மூச்சை அடைத்தது. மோட்டாரைச் செய்துவிடலாம், அதற்குரிய வலுவை எதில் கட்டிச் சுமந்து செல்வது என்பதே சிக்கல் என்று நெவா நதி அன்றே காட்டியது. இன்றுவரை அந்தச் சிக்கல் முற்றாகத் தீரவில்லை.

தேம்ஸ் நதியின் மின்படகுகள்

விடையின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தனர். 1859 இல் காஸ்தோன் பிளான்ரே, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். 1881 இல் கமில் போர் அதனைத் தொழிற்சாலைகளில் செய்யத்தக்கதாகத் திருத்தியமைத்தார். அதே 1881 மே மாதத்தில் குஸ்தாவ் துரூவே என்ற பாரிஸ் நகரத்துக் கருவிக் கைவினைஞர், சீன் நதியில் ஒரு சிறு படகை மின்சாரத்தால் ஓட்டிக் காட்டினார். அவர் மோட்டாரைப் படகுக்குள் பொருத்தவில்லை. சுக்கானோடு சேர்த்து, வேண்டியபோது கழற்றி எடுக்கக்கூடியதாக அமைத்தார். இன்று எங்கள் மீனவர் தோளில் சுமந்து கரைக்குக் கொண்டுவரும் வெளியிணைப்பு இயந்திரத்தின் மூதாதை மின்சார இயந்திரமே என்பதை அறியும்போது வியப்பு உண்டாகிறது.

அடுத்த ஆண்டு, 1882 இல், லண்டனில் ஒரு மின்படகு தேம்ஸ் நதியில் ஓடியது. அதனை உருவாக்குவதில் முன்னின்ற அன்ரனி றெக்கன்சோன் 1886 இல் "வோல்ற்றா" என்ற 37 அடிப் படகில், ஒரே மின்னேற்றத்தில், டோவரிலிருந்து கலே சென்று திரும்பினார். ஆங்கிலக் கால்வாயை மின்சாரத்தால் கடந்து மீண்ட அந்தச் சாதனை இன்றைய படகு ஒன்றுக்கும் இழுக்காகாது. 1880களின் இறுதியில் தேம்ஸ் நதியில் மின்படகுகளை வாடகைக்கு விடும் தொழிலே எழுந்தது. மொரிற்ஸ் இமிஷ் என்பவரின் நிறுவனம் ஆற்றின் நெடுகிலும் மிதக்கும் மின்னேற்று நிலையங்களை நிறுத்தி வைத்தது. 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மக்களை ஏற்றி இறக்கின.

இந்த இடத்தில் சுவையான செய்தி ஒன்று. 1886 இல் ஜேர்மனியின் கொற்லீப் டைம்லர் தமது பெற்றோல் இயந்திரத்தைப் படகொன்றில் பொருத்தி நெக்கர் ஆற்றில் ஓட்டினார். பெற்றோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்க, டைம்லர் படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் காவலிகளையும் கட்டி, அது மின்படகு போலத் தோன்றச் செய்தாராம். எண்ணெய்ப் படகு மின்படகு வேடம் பூண்டு மக்கள் முன் வரவேண்டிய காலம் ஒன்று இருந்தது!

எண்ணெய் வென்ற விதம்

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1909 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், நோர்வேயிலிருந்து குடியேறிய ஓலே எவின்றூட் ஒன்றரைக் குதிரை வலுக்கொண்ட பெற்றோல் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எடை ஏறத்தாழ 28 கிலோகிராம். ஒருவரே தூக்கிச் செல்லலாம். எந்தப் படகிலும் மாட்டலாம். எண்ணெய் ஒரு தகரத்தில் கிடைத்தால் போதும். மின்னேற்று நிலையத்தைத் தேடவேண்டியதில்லை; மணிக்கணக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மின்படகுகள் பெரும்பாலும் மறைந்தன.

எல்லா இடங்களிலும் மறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜேர்மனியின் பவேரிய மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த கூனிக்ஸ்சே ஏரியில், அதே 1909 ஆம் ஆண்டில் மின்படகுச் சேவை ஆரம்பமாயிற்று. ஏரியின் அமைதி குலையக்கூடாது என்பதற்காக மின்சாரப் படகுகளுக்கு மட்டுமே அனுமதி வழங்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சேவை தொடர்கிறது. ஏனைய இடங்களில் தோற்ற படகு அங்கு மட்டும் எப்படி நிலைத்தது? அந்தப் படகுகள் ஒவ்வொரு நாளும் அதே துறையிலிருந்து புறப்பட்டு, அதே வழியில் சென்று, அதே துறைக்குத் திரும்புகின்றன. எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்பது முன்கூட்டியே தெரியும். இரவில் மின்னேற்றம் செய்யலாம். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் கரையில்

ஈழத்துக் கரைகளில் மாற்றுவலு என்பது முற்காலத்தில் மாற்றாக இருக்கவில்லை, அதுவே வழமை. வள்ளமும் வத்தையும் தோணியும் பாய் விரித்தே ஓடின. ஆழமற்ற பரவைக் கடலில் மரக்கோல் ஊன்றினர்; காற்று விழுந்தபோது சவள் வலித்தனர். சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், கச்சான் எதைக் கொண்டுவரும் என்பதெல்லாம் எண்ணெய் விலையை விட முக்கியமான செய்திகளாக இருந்தன. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்ற பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சனால் வாங்கப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது, அந்தக் காற்றறிவின் உச்சம் எனலாம்.

1950களில் இலங்கை அரசு மீன்பிடியை இயந்திரமயமாக்கத் தொடங்கியது. அத்தசாப்தத்தின் இறுதியில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் வந்தன. வெளியிணைப்பு இயந்திரங்கள் சிறு படகுகளுக்கு வந்தன. தூரக் கடல் கிட்டிற்று. பிடிபட்ட மீன் பழுதாகுமுன் கரை சேர்ந்தது. புயலுக்கு முன் வீடு திரும்ப முடிந்தது. அதனைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இரண்டு தலைமுறைக்குள் பாய் கட்டும் கையும் பாய் தைக்கும் கையும் அருகிப் போயின. அந்த இழப்பின் விலை போர்க்காலத்தில்தான் தெரிந்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியன அடங்கின. கைவிளக்கின் சிறிய பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. கடலிலோ, எண்ணெய்த் தட்டுப்பாட்டோடு பாதுகாப்புக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. கரையை அண்டிய சிறுபரப்பில், பலர் மீண்டும் சவளையும் மரக்கோலையும் கையிலெடுத்தனர். நாங்கள் அதனைப் "பின்னோக்கிய பயணம்" என்று செய்திகளில் எழுதினோம். அந்தப் பயணத்துக்கும் பழைய அறிவு தேவைப்பட்டது என்பதை எழுதியவர் குறைவு.

அதே 1990 இல் பசிபிக் சமுத்திரத்தின் பூகன்வில் தீவை, பப்புவா நியூகினி அரசு முற்றுகையிட்டது. எண்ணெய் வரத்து நின்றது. அத்தீவு மக்கள் தேங்காயெண்ணெய் ஊற்றி டீசல் வாகனங்களை ஓட்டினார்கள். இது மாயவித்தையன்று. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ஆனால் எங்கள் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் தீப்பொறியால் எரியூட்டப்படுபவை. அவற்றில் தேங்காயெண்ணெய் எடுபடாது. ஓரிடத்தின் விடையை மற்றோரிடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வைக்கத்தின் பாடம்

வைக்கம் என்றால் தமிழ் வாசகர்களுக்கு 1924 ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகமும் பெரியார் சிறை சென்றதும் நினைவுக்கு வரும். அதே ஊரின் படகுத்துறையிலிருந்து 2017 ஜனவரியில் "ஆதித்யா" என்ற சூரிய ஒளிப் படகு ஓடத் தொடங்கியது. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் திணைக்களத்துக்காக அதனை அமைத்த நிறுவனத்தின் தலைவர் சந்தித் தண்டாசேரி, சென்னை ஐ.ஐ.ரி.யில் கப்பற் பொறியியல் கற்றவர். படகு 20 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் கொண்டது; 75 பேரை ஏற்றுவது. கூரையில் 20 கிலோவாற் அளவான சூரியத் தகடுகள். உள்ளே 50 கிலோவாற்-மணி கொள்ளளவுள்ள லிதியம் மின்கலங்கள். வேம்பநாட்டு ஏரியைக் கடந்து தவணக்கடவுக்குச் செல்லக் கால் மணி நேரம் போதும். நாளொன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட தடவைகள் போய்வருகிறது. அதே சேவையில் ஒரு டீசல் படகு நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் எண்ணெய் குடிக்கும் என்று கணக்கிடப்பட்டது.

ஆதித்யாவின் வெற்றிக்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன். முதலாவது, கூனிக்ஸ்சே ஏரியைப் போலவே, போகும் வழியும் திரும்பும் துறையும் மாறாதவை. இரண்டாவது, வேகம் அளவானது. நீரில் வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் வலுவைப் பல மடங்காக்க வேண்டும். அவசரப்படாத படகுக்கே சூரியன் துணை நிற்பான். மூன்றாவது, பழைய படகில் மோட்டாரை மாட்டிவிட்டு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. எடை குறைந்த இரட்டை உடற்படகாகப் புதிதாக வரைந்தார்கள். அகன்ற கூரையே தகடுகளுக்கு இடம் தந்தது.

அமேசன் காட்டிலும் இதே கதைதான். ஈக்குவடோர் நாட்டின் அச்சுவார் பழங்குடியினர் 2017 இல் ஆற்றில் ஒரு சூரியப் படகை ஓட்டத் தொடங்கினர். சாலையில்லாத அவர்களது கிராமங்களுக்குப் பெற்றோல் விமானத்தில் வரவேண்டியிருந்தமையால் அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அங்கும் ஆறு ஒன்றே, கிராமங்கள் கரையிலேயே.

கணக்கு சொல்வது

ஏரியிலும் ஆற்றிலும் முடிந்தது கடலில் முடியாதா? இங்கே உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு சிறு படகு ஒரு தடவை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் மண்ணெண்ணெய் செலவாகிறது என்று கொள்வோம். அதிலுள்ள வெப்பச் சக்தி ஏறத்தாழ 190 கிலோவாற்-மணி. இயந்திரம் அதில் ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. ஆகவே உண்மையில் பயன்படுவது 40 கிலோவாற்-மணிக்குச் சற்றுக் குறைவு. மின்மோட்டார் வீணடிப்பது மிகச் சொற்பம். எனவே 42 கிலோவாற்-மணி மின்சாரம் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 20 லீற்றர் எண்ணெயின் எடை 16 கிலோகிராம். அதே வேலையைச் செய்ய ஈய-அமில மின்கலங்கள் ஒரு தொன்னுக்கு மேல் வேண்டும். படகு வலை ஏற்றுமுன்னரே தாழ்ந்துவிடும். லிதியம் மின்கலங்களாயின் 300 கிலோகிராமளவில் முடியும். ஆனால் அவற்றின் விலை ஒரு சிறு மீனவன் தாங்கக்கூடியதன்று. சூரியத் தகடோ, எங்கள் வெயிலில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றில் சுமார் ஒரு கிலோவாற்-மணி தரும். ஆகவே 40 சதுர மீற்றருக்குக் குறையாத தகடு தேவை. 18 அடிப் படகின் முழுப்பரப்பும் 10 சதுர மீற்றர் தேறாது; அதில் வலையும் ஐஸ் பெட்டியும் ஆட்களும் இருக்க வேண்டும். சூரியத் தகட்டைப் படகின் மேல் கட்டிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகலாம் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்.

நோர்வேயின் அனுபவம் இவ்விடத்தில் பயனுள்ளது. 2015 இல் அங்கு "கரோலின்" என்ற 11 மீற்றர் மீன்பிடிப் படகு மின்கலங்களோடு கடலுக்கு வந்தது. அது டீசலைக் கைவிடவில்லை. மீன்பிடித் தளத்துக்கு ஓடிச் செல்லவும் திரும்பவும் டீசல் துணை நிற்கிறது. வலை இழுக்கும்போதும் மெதுவாக நகரும்போதும் மின்கலம் வேலை செய்கிறது. இரவில் துறையில் மின்னேற்றம் நடக்கிறது. எண்ணெயை ஒழிப்பதல்ல, குறைப்பதே கடலில் இன்று இயலக்கூடியது என்பதை அந்தப் படகு சொல்கிறது.

எங்கே தொடங்குவது

அப்படியாயின் நண்பர்களின் கேள்விக்கு என் விடை என்ன? ஆழ்கடலுக்குப் போகும் மீனவனிடம் சூரியப் படகைக் காட்டி ஆசையூட்டுவது இன்று அநியாயம். அவனுக்கு வேண்டியது, ஒரே இரவில் நான்கு மடங்காக உயராத எண்ணெய் விலை. ஆனால் யாழ்ப்பாணக் கடனீரேரியில், கரையிலிருந்து அதிக தூரம் போகாமல், மெதுவாக ஓடித் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறு மின்மோட்டாரும், கரையில் பொது மின்னேற்று நிலையமும் இன்றே பொருந்தக்கூடியவை. தகட்டைப் படகில் அன்றி, மீனவர் சங்கத்தின் கூரையில் வைத்தால் இடப்பிரச்சினையும் இல்லை.

அதற்கும் முன்னதாக நான் சுட்டிக்காட்ட விரும்புவது குறிகட்டுவான்–நயினாதீவுப் பயணிகள் சேவையை. அரைமணி நேரத்துக்கும் குறைந்த பயணம். வழி மாறுவதில்லை, துறை மாறுவதில்லை. நாகபூஷணி அம்மன் கோவிலுக்கும் நாகவிகாரைக்கும் ஆண்டு முழுவதும் மக்கள் வருகிறார்கள். வேம்பநாட்டு ஏரியைவிட இங்கு அலை அதிகம். சோளகக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். உப்புக்காற்று கருவிகளைத் தின்னும். அவற்றைத் தாங்கும் உடற்படகை வரைவது பொறியியலாளரின் பணி. ஆனால் கூனிக்ஸ்சே ஏரியும் வைக்கமும் கேட்ட நிபந்தனைகளுள் மிக முக்கியமானது இங்கே ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்த அத்தீவுகளுக்குச் சூரிய ஒளி, காற்று, மின்கலச் சேமிப்பு ஆகியவற்றைக் கொண்ட கலப்பு மின்திட்டத்தை இந்திய நன்கொடையில் அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. ஒரு தீவு தன் மின்சாரத்தைத் தானே பெற வழி பிறக்கும்போது, அத்தீவுக்குச் செல்லும் படகும் அதில் பங்கு கேட்பதே முறை. தீவுக்கு வெளிச்சம் தரும் டீசலையும் கடல் கடந்தே கொண்டுசெல்ல வேண்டியிருந்த நிலையை மாற்றத் திட்டமிடுவோர், அந்தத் திட்டத்தில் படகுத்துறையையும் சேர்த்து வரைய வேண்டும். திட்டங்கள் வரையப்படும்போது கேட்காதவை, முடிந்தபின் கிடைப்பதில்லை என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம்.

ஜக்கோபியின் படகு நின்றுபோனது மோட்டார் பழுதானதால் அன்று. அதற்குத் தீனி போடும் வழி மலிவாக இல்லாததால். இன்று அந்த வழி ஓரளவு மலிந்திருக்கிறது. ஆனால் எல்லாக் கடலுக்கும் அன்று. எந்தக் கடலுக்கு இயலும், எதற்கு இயலாது என்று பிரித்தறிந்து, இயலும் இடத்தில் உடனே தொடங்குவதே அறிவுடைமை. அடுத்த எண்ணெய்த் தட்டுப்பாடு வரும்வரை பேசாமலிருந்து, அது வந்தபின் மீண்டும் இதே கேள்வியைக் கேட்பதில் யாருக்கும் பயனில்லை.